சம்பந்தியும் நானும் ஒரு கேமராவும்

ஜூலை 3, புதன்

சிவப்பு மாடு இன்று உதைக்காமல் கறந்தது. இன்றைக்கு நல்ல செய்தி அது ஒன்றுதான்.

சாப்பிடும்போது கினாசி சொன்னாள், "பாட்டி, இனிமே நம்ம பாட்காஸ்ட்டுக்கு வீடியோவும் எடுக்கப்போறோம்."

எதற்கு என்று கேட்டேன்.

"கேக்குறவங்க ஏறவே மாட்டேங்குறாங்க. லெபாரான் பண்டிகையப்ப எவ்வளவோ, இன்னிக்கும் அவ்வளவுதான். இப்ப ஜனங்க பாக்கத்தான் செய்றாங்க பாட்டி, கேக்குறதில்ல."

பார்க்க என்ன இருக்கிறது? கரி பிடித்த ஒரு அடுப்பங்கரை. இரண்டு கிழவிகள். இதைப் பார்க்க எவன் வருவான்?

ஆனால் பேத்தியிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வராது. எங்கள் வம்சத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கள் ஊர் பொயோலாலியில் எந்தக் கடைக்குப் போனாலும், "என் பேத்தி எங்க பேச்சைக் கடல் தாண்டி அனுப்புறா" என்று சொல்லாமல் திரும்பியதில்லை. பொய்யும் இல்லை. ஹாங்காங்கிலும் தைவானிலும் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் நம் பெண்கள் இஸ்திரி போட்டுக்கொண்டே எங்களைக் கேட்கிறார்களாம்.

சரி என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

சம்பந்தி சோலோவிலிருந்து காலை பஸ்ஸில் வந்தாள். முன்னறையில் வழக்கமான மரியாதைப் பூஜை நடந்தது.

"பயணம் சௌக்கியமா சம்பந்தியம்மா?"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் சம்பந்தியம்மா. வெறுங்கையோட வந்துட்டேன், மன்னிக்கணும்." வெறுங்கை என்று சொன்ன கையில் ஒரு கூடை நிறையப் பலகாரம்.

டீ குடித்தோம். உள்ளே போனோம். அவள் அடுப்பைப் பார்த்து நின்றாள். நான் அவளுக்கு முதுகு காட்டி வாசல் பக்கம் தேங்காய்த் துருவியில் உட்கார்ந்தேன். கினாசி மைக்கை அரிசிப் பெட்டிமேல் வைத்தாள். அவ்வளவுதான், சம்பந்தி ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ சம்பந்தி, இது தெம்பேயா, செத்த எலியா?"

"சம்பல் தும்பாங் குழம்பு வைக்க நாள்பட்டுப் புளிச்ச சோயா தெம்பேதான் வேணும். சோலோக்காரிக்கு இது எங்க தெரியப்போவுது? உப்பு போடுற இடத்துல சர்க்கரையைக் கொட்டுற கூட்டம்."

"சர்க்கரை தின்னுதான் எங்க வாய் இனிக்குது. உன் வாயைப் பாரு!"

"என் வாய்க்கென்ன? உன் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கப்புறம் முதல் தடவையா வயிறாரச் சாப்பிட்டது என் வீட்டுலதான்."

"மரியாதைக்குச் சாப்பிட்டாரு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கஞ்சி குடிச்சாரு!"

சொல்லிவிட்டு அவளே சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. என் மருமகள் ராத்ரி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே சிரித்தாள். பெற்ற தாயும் மாமியாரும் அடித்துக்கொள்வதைக் கேட்டுச் சிரிக்கும் பெண் ஜாவா முழுக்க அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இதெல்லாம் ஆரம்பித்தது சம்பந்தியின் வீட்டுக்காரர் இறந்த ஆயிரமாவது நாள் சடங்கில்தான். படையலுக்கு இருவரும் சமைத்துக்கொண்டிருந்தோம். அதற்குமுன் இருபது வருஷத்துக்கு மேலாக, "சாப்பிடுங்க, குறையிருந்தா மன்னிக்கணும்" தவிர எங்களுக்குள் ஒரு பேச்சு கிடையாது. அவள் வாத்தியார் வீட்டம்மா, நான் மாட்டுக்காரி. அன்றைக்குக் கை வேலையில் இருக்க, வாய் எப்படியோ திறந்துகொண்டது. கினாசி அதைப் போனில் பிடித்து உலகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

எனக்கு இவ்வளவு பேச வரும் என்பது இந்த வயதில்தான் எனக்கே தெரிந்தது. மற்ற நாளெல்லாம் மாட்டோடு பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் மனுஷியோடு.

ஜூலை 16, செவ்வாய்

கினாசியின் நண்பன் பாகூஸ் என்று ஒருவன் கேமராவோடு வந்தான். நல்ல பையன்தான், கும்பிட்டுத்தான் பேசினான். ஆனால் என் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, சுவர் ரொம்பக் கறுப்பு. எவ்வளவு லைட் போட்டாலும் குடிச்சிடும்" என்றான்.

என் மாமியார் காலத்துக் கரி. அது லைட்டைக் குடித்தால் எனக்கென்ன?

முன்னறையில்தான் எடுக்கணுமாம். சோபாவை நகர்த்தினார்கள். நாள்காட்டியைக் கழற்றினார்கள். அடுப்பு கூடாது, சத்தம் வரும். துருவி கூடாது, அதுவும் சத்தம்.

"அப்போ எங்க கைக்கு என்னடா வேலை?"

"சும்மா மடியில வச்சுக்கோங்க பாட்டி. அழகா இருக்கும்."

ஜூலை 21, ஞாயிறு

முதல் வீடியோ. எழுதவே பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

காலையிலேயே கொண்டை, பவுடர், லேஸ் வைத்த கெபாயா ரவிக்கை. சம்பந்தி உதட்டுச் சாயம் பூசி வந்திருந்தாள். எதிரெதிரே இரண்டு நாற்காலி, நடுவில் பிளாஸ்டிக் பூ. முகத்தில் அடித்த லைட்டில் மாடு கூட மிரண்டிருக்கும்.

பாகூஸ் சொன்னான், "கேமராவைப் பாக்காதீங்க. ஒருத்தரை ஒருத்தர் பாருங்க."

பார்த்தோம்.

"சம்பந்தியம்மா இன்னிக்கு ரொம்ப லட்சணமா இருக்கீங்க."

"ஐயோ, உங்க முன்னாடி நான் என்னங்க."

"இல்லல்ல, நீங்கதான்."

"மன்னிக்கணும், நீங்கதான்."

இப்படியே போனது. இருவரும் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி, கடைசியில் எனக்கு அவள் கொண்டை மட்டும்தான் தெரிந்தது. கினாசி கதவோரம் நின்று கையைக் கையை ஆட்டினாள், பேசுங்க பேசுங்க என்று. எதைப் பேச? வாயைத் திறந்தால் "குறையிருந்தா மன்னிக்கணும்"தான் வருகிறது.

ஒரு தடவை சம்பந்தி லேசாகச் சிரித்தாள். "சூப்பர் சோலோ பாட்டி, அதே சிரிப்பை இன்னொரு தடவை" என்றான் பாகூஸ். அவளும் பாவம், சிரித்தாள். இன்னொரு தடவை என்றான். மறுபடி சிரித்தாள். நாலாவது தடவை அது சிரிப்பாகவே இல்லை.

ஜூலை 22, திங்கள்

கழுத்து வலி. தலையைத் தாழ்த்தியதால் வந்ததுதான்.

ஜூலை 30, செவ்வாய்

வீடியோவைப் பார்த்தவர்கள் எழுதியதைக் கினாசி வாசித்துக் காட்டினாள். "ரெண்டு பேரும் கல்யாண வீட்டு வாசல்ல வச்ச பொம்மை மாதிரி இருக்காங்க." "நிஜமாவே இவங்கதானா? வேற ரெண்டு பாட்டிய உக்கார வச்சுட்டாங்களா?" தைவானிலிருந்து ஒரு பெண்: "நான் இஸ்திரி போட்டுக்கிட்டே கேப்பேன். இப்ப கண்ணை எடுக்க முடியாதுன்னா துணி கருகிடுமே. அதோட தேங்கா துருவுற சத்தம் எங்க? அது கேட்டாத்தான் எனக்கு வீட்டு ஞாபகம் வரும்."

அவள் பெயரைக் கேட்டேன். எழுதவில்லையாம்.

"பழையபடியே விட்டுடேன் கண்ணு" என்றேன்.

"ஒரு வீடியோல முடிவு பண்ணக்கூடாது பாட்டி. பழகிடும்."

பழகுமாம். கினாசியை ஜகார்த்தாவுக்கு வேலைக்குக் கூப்பிட்டும் அவள் போகவில்லை. இந்தப் பாட்காஸ்ட்டைத் தொழிலாக்கிக் காட்டுவேன் என்று அப்பாவிடம் சண்டை போட்டு இங்கே இருக்கிறாள். அதனால் மேலே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எரிச்சலாக இருக்கிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இரண்டாவது வீடியோ. முதலாவதைவிட மரியாதை.

பஸ் ஏற்றிவிடப் போகும்போது கூடச் சம்பந்தி, "பாத்து வாங்க சம்பந்தியம்மா" என்றுதான் சொன்னாள். முன்பெல்லாம் பஸ் நிறுத்தம் வரை என் செருப்பைக் கிண்டல் பண்ணிக்கொண்டே நடப்பாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கினாசி இன்று ஒரு காகிதம் கொடுத்தாள். பழைய பதிவுகளைக் கேட்டு, ஜனங்கள் அதிகம் சிரித்த பேச்சையெல்லாம் அதில் எழுதியிருந்தாள். "இதையே சொல்லுங்க பாட்டி. நீங்க சொன்னதுதானே? புதுசா ஒண்ணும் இல்ல."

சரி, பிள்ளைக்காக என்று நினைத்தேன். அதுமட்டுமில்லை, உள்ளதை எழுதுகிறேன்: எனக்கும் ரோஷம். பொம்மை என்று எழுதினானே, அவனுக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தது.

லைட் போட்டார்கள். சம்பந்தியின் கண்ணைப் பார்த்தேன். நல்ல சத்தமாக, தெளிவாக, ஐந்தாம் வகுப்பில் பாட்டு ஒப்பித்த மாதிரிச் சொன்னேன்: "உங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கப்புறம் முதல் தடவையா வயிறாரச் சாப்பிட்டது என் வீட்டுலதான்."

கஞ்சி குடிச்சாரு என்று அவள் சொல்ல வேண்டும். காகிதத்திலும் அப்படித்தான் இருந்தது.

அவள் சொல்லவில்லை. அவள் முகம்... நான் அந்த முகத்தை இதற்குமுன் பார்த்ததில்லை. இதையே எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அப்போதெல்லாம் அவள் முகம் எப்படி இருந்தது? நான் பார்த்ததே இல்லையே. முதுகைத்தானே காட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு கையையும் குவித்தாள். "உண்மைதாங்க சம்பந்தியம்மா. அவருக்கு ஒழுங்கா சமைச்சுப் போட எனக்குத் தெரியல. எங்க குறைதான், மன்னிக்கணும்."

எழுந்தாள். தோள் துணியைச் சரிசெய்தாள். ராத்ரி பின்னாலேயே ஓடினாள். டீ அப்படியே இருந்தது.

என்னைத் திருப்பித் திட்டியிருக்கலாம் அவள்! ஒரு அறை கொடுத்திருக்கலாம்!

ஆகஸ்ட் 14, புதன்

கினாசி அந்த வீடியோவைப் போட்டுவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

அது பறக்கிறதாம். இத்தனை வருஷத்தில் கேட்டவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் இந்த மூன்று நாளில் பார்த்தவர்களுக்கு ஈடில்லையாம். வாயைப் பொத்திக்கொண்டு போனைக் காட்டினாள். அவள் கண்ணில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது.

நான் பார்க்கவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சம்பந்தி வரவில்லை. தெரிந்த டிரைவர் கையில் ஒரு கூடை வந்தது. செராபி என்ற தேங்காய்ப்பால் ஆப்பம், மொறுமொறுப்பான அரிசி அடை, மேலே வெள்ளைத் துணி, ஒரு சீட்டு. "உடம்பு சற்று சரியில்லை. வர முடியாததற்கு மன்னிக்கவும்." கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

கூடை காலியாகத் திரும்பினால் கேவலம். பால் கோவா, உலர்த்திய இறைச்சித் துருவல் எல்லாம் அடுக்கி, "உங்கள் அன்புக்கு நன்றி, எங்கள் குறையை மன்னிக்கவும்" என்று எழுதி அனுப்பினேன்.

அம்பு வந்தது, அம்பு போனது. மேலே துணி வேறு.

ஆகஸ்ட் 21, புதன்

கூடை திரும்ப வந்தது. நிறைய.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்று பஹிங், எங்கள் ஊரில் மாட்டுச் சந்தை கூடும் நாள். ஒரு பொம்பிளை என்னைப் பார்த்து விரலை நீட்டினாள். "இதோ, சம்பந்திய அழ வச்ச பாட்டி!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். "அந்த சோலோக்காரிக்கு நல்லா வேணும் பாட்டி, என் சம்பந்தியும் அப்படித்தான்" என்றாள்.

"அவளைப் பத்தி உனக்கென்னடி தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அதையும் ஒருத்தி போனில் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கினாசியிடம், "அதை எடுத்துடு" என்றேன்.

"பாட்டி, ஜகார்த்தாவுல ஒரு கம்பெனி பேசிட்டிருக்காங்க. இந்த வீடியோவைப் பாத்துத்தான் கூப்பிட்டாங்க. எடுத்தா அதுவும் போயிடும். எல்லாம் போயிடும்." அழுதாள். "உங்களுக்காகத்தானே பண்றேன்?"

எனக்காகவா! எனக்கு எப்போதடி வேண்டும் என்றேன்? ஆனால் அவளுக்குச் சோற்றைத்தான் போட்டு நீட்டினேன்.

ராத்ரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லாதவள், திரும்பாமலே சொன்னாள்: "கினாசி. அது எங்க அப்பா."

தண்ணீரை நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

எடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

எடுத்து என்ன பயன்? வேறு யார் யாரோ அதை எடுத்து வைத்துக்கொண்டு, மேலே பாட்டுப் போட்டுச் சுற்றவிடுகிறார்களாம். கம்பெனிக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கினாசி படுக்கையை விட்டு எழவில்லை. ராத்ரி அம்மாவுக்குப் போன் போட்டால், "எல்லாரும் சௌக்கியமா? சம்பந்தியம்மா சௌக்கியமா?" என்று கேட்கிறாளாம். சௌக்கியமாம்! நான் ஒரு பக்கம் நொந்து சாகிறேன்.

கூடை போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. நாலாவதா ஐந்தாவதா தெரியவில்லை. செராபியைக் கண்டாலே குமட்டுகிறது. மாட்டுக்குப் போட்டேன், அதுவும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

போய்ப் பார் என்கிறாள் ராத்ரி. நான் ஏன் போக வேண்டும்? காகிதத்தில் இருந்ததைத்தானே சொன்னேன்? எத்தனை தடவை சொன்னதுதானே? அப்போதெல்லாம் சிரித்தாளே?

செப்டம்பர் 8, ஞாயிறு

கூடை வரவில்லை. அதற்கும் கோபம் வருகிறது. என்ன பெண்ணோ நான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சோலோ போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தவள் ஒரு நொடி நின்றாள். அப்புறம் அந்தக் குரல். "வாங்க சம்பந்தியம்மா. வீடு அலங்கோலமா இருக்கு, மன்னிக்கணும்." வீடு துடைத்து வைத்த கண்ணாடி. பின்னல் துணி போட்ட நாற்காலி. சுவரில் அவர் படம், மாலை போட்டு.

டீ வந்தது. பஸ்ஸில் கூட்டமா? இல்லங்க. மாடு நல்லா கறக்குதா? உங்க ஆசீர்வாதம்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் எந்த வார்த்தையை வைத்துக் கேட்பது? "மன்னிக்கணும்" என்பதை டீயில் சர்க்கரை குறைந்தாலும் சொல்கிறோம், வாசற்படியில் கால் தட்டினாலும் சொல்கிறோம். தேய்ந்துபோன வார்த்தை. அதை எடுத்து நீட்டினால் அவளும் அதையே எடுத்து நீட்டுவாள். கூடை மாதிரி.

அவள் முகத்தைப் பார்த்தேன்.

எழுந்து நேராக அவள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். அழைக்காமல். சம்பந்தி வீட்டில் அப்படிச் செய்வது எப்பேர்ப்பட்ட மரியாதைக்கேடு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். மேடைமேல் சின்ன வெங்காயம் இருந்தது. ஒரு கத்தியை எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று உரிக்க ஆரம்பித்தேன்.

வெங்காயத்தால் கண் எரிந்தது. வெங்காயத்தால் மட்டுமில்லை.

பின்னால் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம்:

"அது மீன் வெட்டுற கத்தி. உங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஒரே கத்தியா? மாட்டுக்கும் மனுஷனுக்கும்?"

அதே கத்தியால் இன்னொரு வெங்காயத்தை உரித்தேன்.

"உனக்கு மீன் வாங்கத் துப்பிருந்தாத்தானே மீன் கத்தி?" என்றேன். குரல் ஒழுங்காக வரவில்லை.

எண்ணெய் சடசடத்தது. அவள் அடுப்பைப் பார்த்தபடியேதான் பேசியிருப்பாள், நான் திரும்பவில்லை.

"ஏண்டி, மூஞ்சியைப் பாத்துக்கிட்டு அதைச் சொல்லுவியா? அடுப்பைப் பாத்துச் சொன்னா அது அடுப்புக்குச் சொன்னது. சிரிச்சுக்கலாம். மூஞ்சியைப் பாத்துச் சொன்னா அது எனக்குச் சொன்னது."

"தெரியாமப் போச்சு."

"உனக்கா தெரியாது?"

"பாகூஸ் ஒருத்தரை ஒருத்தர் பாருங்கன்னான். பாத்தேன். பேத்தி சொல்லுன்னா. சொன்னேன். எனக்கு உன் முகத்தைப் பாத்துப் பழக்கமே இல்லடி. சம்பந்தியான நாள்லருந்து தலையைக் குனிஞ்சுதானே..."

அவள் எதையோ கிளறினாள். "அவரு உன் வீட்டுல ரெண்டாம் தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. எனக்குத் தெரியும். நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். என்கிட்ட ஒரு நாளும் ரெண்டாம் தட்டு கேட்டதில்ல. அதை ஊரே பாக்கணுமா?"

அப்போதுதான் சொன்னேன், சுவரைப் பார்த்து. என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். தேய்ந்த வார்த்தை அதில் இல்லை.

அவள் வாணலியை இறக்கிவிட்டு, "வெங்காயம் போதும், அரை ஊருக்கு உரிச்சு வச்சிருக்கே" என்றாள்.

மத்தியானம் அங்கேயே சாப்பிட்டேன். குழம்பு வழக்கம்போல இனிப்பு. சொன்னேன்.

செப்டம்பர் 16, திங்கள்

கினாசியிடம் முழுவதும் சொன்னேன். முதுகு, முகம், அடுப்பு எல்லாம். "படிச்ச படிப்புல இது இல்ல பாட்டி" என்றாள். "எனக்கே இது இப்பதான் தெரிஞ்சுது, உனக்கு எப்படித் தெரியும்" என்றேன்.

அப்புறம் கேட்டாள், "அப்போ பின்னாடி இருந்து எடுத்தா? ரெண்டு முதுகும் தெரியற மாதிரி?"

விடமாட்டாள் இந்தப் பெண். என் பேத்திதானே.

சம்பந்தியைப் போனில் கேட்டோம். "என் முதுகுல கொழுப்பு மடிஞ்சு தொங்குது, அதை ஹாங்காங் வரைக்கும் காட்டணுமா?" என்றாள். அத்தோடு தீர்ந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

பழையபடி வெறும் பேச்சு. மைக் அரிசிப் பெட்டிமேல். வீடியோவுக்கு வந்த கூட்டம் எல்லாம் போய்விட்டது, போகும்போது பழைய ஆட்களில் கொஞ்சம் பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆரம்பித்த இடத்தைவிடக் கீழே இருக்கிறோம் என்கிறாள் கினாசி. பால் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். சட்டையை இஸ்திரி போட்டுக் கிளம்புகிறாள், முகத்தை மட்டும் இன்னும் தொங்கப் போட்டுக்கொண்டு. எனக்கு அவளைப் பார்த்தால் வருத்தமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் யாருக்கும் தரமாட்டேன் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டாளாம்.

நவம்பர் 3, ஞாயிறு

சம்பந்தி வந்து சேர்வதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. அடுப்பங்கரைத் தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற மாதிரி மழை. கினாசி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "பாட்டி, ஒண்ணும் பதிவாகல, மழைதான் கேக்குது, நிறுத்திடலாம்" என்று கத்தினாள்.

என் சம்பந்தி அப்போது, என் மகன் கல்யாணத்தில் நான் போட்டிருந்த கெபாயாவின் நிறத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்துச் சொச்சம் வருஷமாக உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள், பாவி. விடுவேனா நான்? அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று இன்னும் சத்தமாகப் பதில் சொன்னேன். அவள் அதைவிடச் சத்தமாக.

கினாசி மைக்கை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள். நாங்கள் மழை விடும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.